கங்கையம்மனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பிரிங்

சங்குமேட்டுக் குப்பத்தில் சுதாகரின் காதுபட யாரும் கயிறு என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவன் முகத்தில் ஈயாடாது.

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நெம்மேலிக்குத் தெற்கே இருக்கிற அந்தக் குப்பத்தில், மாசி மகத்தன்று கங்கையம்மனைக் கடலுக்கு அழைத்துப்போய் நீராட்டுவது வழக்கம். பூ அலங்காரம், மேளம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. அம்மன் போவது குப்பத்து டிராக்டரில். ஓட்டுவது சுதாகர். போட் இன்ஜின் மெக்கானிக் என்பதால், சக்கரம் வைத்த எதுவும் அந்தக் குப்பத்தில் அவன் கைக்குத்தான் வரும். போன வருஷம் புயல் கரையை அரித்து, மணலைக் கண்டபடி மேடும் பள்ளமுமாக்கிப் போட்டிருந்தது. பாதி வழியில் டிராக்டர் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. அம்மன் ஒருபக்கமாகச் சாய்ந்து, பூவெல்லாம் வாடி, உச்சி வெயிலில் நடு மணலில் நின்றாள். பக்கத்துப் பாறைக்குப்பத்து மூர்த்திதான் தன்னுடைய டிராக்டரைக் கொண்டுவந்து, கயிறு கட்டி இழுத்துவிட்டான்.

இழுத்துவிட்டவன் அத்தோடு போயிருக்கலாம். போகிற ஆளா மூர்த்தி? மைக்கைப் பிடுங்கி, “சங்குமேட்டு அம்மன் பாறைக்குப்பத்து உபயத்துல கடலுக்குப் போவுது, எல்லாரும் ஒருவாட்டி கை தட்டுங்க” என்று கோவளம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அதற்கப்புறம் ஐஸ் கம்பெனியில், டீசல் பங்கில், மீன் ஏலத்தில், எங்கே பார்த்தாலும் சுதாகரிடம் ஒரே கேள்விதான். “அண்ணாத்த, கயிறு வேணுமா?”

ஒருநாள் பொறுக்க முடியாமல் சுதாகர் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, ஊரறிய சத்தியம் செய்துவிட்டான். “அடுத்த வருஷம் எவன் கயிறும் படாம அம்மாவ கடலுக்கு இட்டுகினு போவேன். முடியலன்னா, இனிமே அம்மா வண்டிய நான் தொட மாட்டேன்.” அப்பன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த உரிமை அது. கோபத்தில் அதையே பணயம் வைத்துவிட்டு வந்து, ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

டிராக்டரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவனுக்குத் தெரியும். கனத்த வண்டி, மணலில் இறங்கினால் புதையத்தான் செய்யும். செல்போனில் வெளிநாட்டுப் பாலைவனத்தில் பறக்கிற பக்கி வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஒரு யோசனை வந்தது. இரும்புப் பைப்பை வளைத்து வெல்டு வைத்து ஒரு கூடு செய்தான். பழைய வேன் இன்ஜினைப் பின்னால் உட்கார வைத்தான். அகலமான டயர் போட்டான். அம்மன் உட்கார மேலே ஒரு பலகை. பின்சக்கரத்துக்கு லோடு ஆட்டோவின் பட்டை ஸ்பிரிங். மணலில் விட்டபோது வண்டி புதையவில்லை. குதித்தது. சாதாரணமாக இல்லை, பேய் பிடித்த மாதிரி குதித்தது.

ஏலம் விடுகிற மாரியம்மா, அம்மனுக்கு முன்னால் தானே உட்கார்ந்து பார்ப்பதாக அடம்பிடித்து ஏறினாள். குப்பத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கரையோரம் ஒரு சுற்று போய்விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

“டேய் சுதாகரு, இதுல அம்மாவ குந்த வெச்சின்னா, கடலுக்குப் போறதுக்குள்ள அவ தனியா, தலை தனியா வந்து சேருவா. நல்லா கீதுடா உன் பக்தி!”

இந்த இடத்தில் சுதாகரின் மனைவி ரேணுகாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் கடலோரத்துப் பெண் இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். காதல் கல்யாணம். ரெண்டு பக்கத்துச் சொந்தமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, பிள்ளை பிறந்ததும் இறக்கி வைத்தார்கள். அவள் பிறந்த ஊர்ப்பக்கத்துக் கார் தொழிற்சாலையில் வேலை. அங்கே கார்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டு வரும். பின்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம், ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் மாட்டி, போல்ட் முறுக்கி அனுப்புவது அவளுடைய வேலை. தினமும் அதே வேலை என்பதால் தூக்கத்தில் கூட அவள் கை முறுக்கும் என்று சுதாகர் கிண்டல் செய்வான்.

“பட்டை ஸ்பிரிங்ல ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல கீது,” என்றாள் ரேணுகா. “ஒண்ணு குழில வுழுந்தா மொத்த வண்டியும் ஆடும். நல்ல கார்ல அப்டி இல்ல. சக்கரத்துக்குச் சக்கரம் தனி ஆர்ம், தனி ஸ்பிரிங். ஒண்ணு எறங்கினாலும் இன்னொண்ணு அதும்பாட்டுக்குப் போவும். மேல குந்தினு கீறவங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த மாதிரி செட்டு ஒண்ணு கெடச்சா மாட்டிக்கலாம்.”

கிடைத்தது. ரேணுகாவின் தம்பி ஜெயக்குமார் சிங்கப்பெருமாள் கோயிலில் பழைய வண்டி உடைக்கிற கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் காலையில் போன் செய்தான்.

“மாமா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து கீது. எவனோ பெரிய வூட்டுப் புள்ள ஈசிஆர்ல கொண்டாந்து மரத்துல வுட்டுட்டான். ஆளுக்கு ஒண்ணும் ஆவல. வண்டி முன்னாடி அப்பளம். பின்னாடி பூ மாதிரி கீது.”

“உடனே ஏத்தியா மச்சான்!”

அந்த மஞ்சள் நிறக் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, குப்பத்து ஓரத்துச் சவுக்குத் தோப்பில் இறக்கினார்கள். நசுங்கின மூக்கைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, காற்று வாங்க வந்த மாதிரி நின்றது அது. கண்ணாடி இல்லாத அந்தக் காரில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்காத ஆள் குப்பத்தில் இல்லை. மாரியம்மாவும் எடுத்துக்கொண்டாள்.

ரேணுகா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். “கயட்டி வைங்க. எது எந்தப் பக்கம்னு பெயிண்ட்ல அடையாளம் போடுங்க. ஆனா மாட்டாதீங்க. இந்த வாரம் நான் வூட்டுக்கு வர்றதுக்குள்ள இருட்டிடும். மாசி மகத்துக்கு லீவு போட்ருக்கேன், முந்தின நாள் மத்தியானமே வந்துடுவேன். நான் வந்து மாட்றேன்.”

முதல் ரெண்டு பேச்சை சுதாகர் கேட்டான். மூன்றாவதைக் கேட்கவில்லை. சத்தியம் செய்தது அவன். வண்டி செய்தது அவன். கடைசியில் பெண்டாட்டி வந்து போல்ட் முறுக்கினாள் என்று பாறைக்குப்பம் பேசினால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். அதனால் மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே இறங்கிவிட்டான்.

கழற்றின பாகங்களில் அழகாக அடையாளமும் போட்டிருந்தான். வடக்குப் பக்கத்து ஆர்முக்கு ‘வ’, தெற்குப் பக்கத்து ஆர்முக்கு ‘தெ’. குப்பத்தில் பிறந்தவர்களுக்கு இடது வலது எல்லாம் பிற்பாடுதான். கிழக்கே கடல் கண்ணெதிரே கிடக்கும்போது திசை தப்புமா? சோற்றுத் தட்டைக்கூட “கொஞ்சம் வடக்கால தள்ளு” என்பார்கள். பழைய பட்டை ஸ்பிரிங்கைப் பிடுங்கிப் போட்டு, பைப் கூட்டில் புதிதாகத் தாங்கு வெல்டு வைத்து, கொட்டகையில் நின்ற பக்கியில் வடக்கு ஆர்மை வடக்கிலும் தெற்கு ஆர்மைத் தெற்கிலும் மாட்டினார்கள். ரெண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருந்தன. போல்ட் ஏறக் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

“மாமா, எதுக்கும் அக்காவ ஒரு வார்த்தை கேட்டுடலாமா?” என்றான் ஜெயக்குமார்.

“ஏன், உங்க அக்காவா நாளைக்கு வண்டி ஓட்டப் போறா? சுத்தியல எடு.”

சுத்தியலால் அடித்ததும் போல்ட் ஏறிவிட்டது. சுதாகருக்குப் பெருமை தாங்கவில்லை.

மாசி மகத்துக்கு முந்தின நாள் காலை வெள்ளோட்டம். அம்மன் கனத்துக்கு ஈடாக மீன் பெட்டிகளில் ஈர மணலை நிரப்பி ஏற்றினார்கள். குப்பமே கரையில் கூடியது. மூர்த்தியும் பாறைக்குப்பத்திலிருந்து வந்து, ஒரு படகு விளிம்பில் வசதியாக உட்கார்ந்துகொண்டான். தோளில் கயிறு.

சுதாகர் கிளப்பினான். வண்டி முதலில் அருமையாகத்தான் போனது. குதிப்பு இல்லை, சத்தம் இல்லை. மாரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் வேகம் எடுத்ததும் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. அவன் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் வால் இன்னொரு பக்கம் போனது. நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே ஓடி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, உலர்த்தியிருந்த வலைக் குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

“அண்ணாத்த,” என்றான் மூர்த்தி, “கயிறு இப்பவே தரட்டா, நாளைக்கு வாங்கிக்கிறியா?”

மூர்த்தி ஆட்கள் சிரித்தால் பரவாயில்லை. சொந்தக் குப்பமே சிரித்தது. சுதாகருக்குக் காதெல்லாம் சுட்டது. ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் மச்சான் மேல் காட்டினான்.

“ஓட்டக் காரை என் தலைல கட்டிட்டியேடா!”

ஜெயக்குமார் கையைத் துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு, தள்ளிப்போய் நின்றான்.

குப்பத்துத் தலைவர், நாட்டார் பன்னீர்செல்வம் வந்தார். அவர் சிரிக்கவில்லை, அதுவே இன்னும் பயமாக இருந்தது. “சுதாகரு, பொழுது சாயறதுக்குள்ள சொல்லு. ஆவாதுன்னா நாளைக்கு மூர்த்தி டிராக்டர்தான். அம்மாவ வெச்சி வெளையாட முடியாது. அப்புறம் நீ செஞ்ச சத்தியம், நீயாச்சு அவளாச்சு.”

எல்லாரும் கலைந்தார்கள். வலை ஓரத்தில் சுதாகர் மட்டும் மணலில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ரேணுகா வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான். வழியிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் டிபன் பையைப் புருஷன் மடியில் போட்டுவிட்டு, பக்கிக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

“ரெண்டு சக்கரமும் வாத்துக் கால் மாதிரி வெளிய பாத்துகினு கீதே, தெரியலயா?”

“ஓட்ட வண்டி. மரத்துல அடிச்சப்பவே வளைஞ்சிருக்கும்.”

“வளையல. நல்லாதான் கீது. இந்த ‘வ’ன்னா இன்னா?”

“வடக்கு.”

ரேணுகா தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “தோப்புல கார் எந்தப் பக்கம் பாத்துகினு நின்னுது?”

“கடல் பக்கம்.”

“நம்ம கொட்டாயில பக்கி?”

“ரோட்டு பக்…”

பாதியில் நின்றுவிட்டான். இப்போதுதான் உறைத்தது. கடலைப் பார்த்து நின்ற காருக்கு எது வடக்கோ, அது ரோட்டைப் பார்த்து நிற்கிற பக்கிக்குத் தெற்கு. இடது கால் செருப்பை வலது காலில் மாட்டின கணக்காக, ரெண்டையும் மாற்றி மாட்டி, போதாக்குறைக்குச் சுத்தியலால் அடித்து வேறு ஏற்றியிருக்கிறான். எந்த ஊர் மெக்கானிக்கும் செய்யாத காரியம். கடலைப் பார்த்தே வளர்ந்தவனால் மட்டும்தான் இப்படிச் செய்ய முடியும்.

“எங்க லைன்ல, வண்டிக்குள்ள குந்தினு கீறவனுக்கு எது எடதோ அதான் எடது,” என்றாள் ரேணுகா. “வண்டி எங்க திரும்புனாலும் அது மாறாது.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“நீ கார்ல வடக்கு தெக்குன்னு எழுதி வெப்பன்னு நான் இன்னாத்தக் கண்டேன்!” என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுதாகர் முறைத்தான். அப்புறம் அவனுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வர ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் அவன் எழுந்து நேராக ஜெயக்குமாரிடம் போனான். “மச்சான், தப்பு என்னுது. வா.” ஜெயக்குமாரும் முறுக்கிக்கொள்ளாமல் வந்தான். நல்ல பையன்.

இந்தத் தடவை வண்டிக்கு அடியில் போனது ரேணுகா. கம்பெனிச் சட்டையோடு மணலில் மல்லாந்து படுத்து, கையை மட்டும் நீட்டுவாள். கேட்கிற ஸ்பானரை சுதாகர் கொடுப்பான். ஆர்ம் பக்கம் மாறி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தபோது, போல்ட் ஒரு விரல் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுத்தியலைத் தொடவே இல்லை. அவள் வேலை செய்து சுதாகர் அதுவரை பார்த்ததில்லை. தினமும் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள், வருகிறாள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். இவ்வளவு கைகாரியை வீட்டில் வைத்துக்கொண்டு, ஊர் என்ன சொல்லுமோ என்று ஒளித்து ஒளித்து வேலை பார்த்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிப் பார்த்தார்கள். நூல் பிடித்த மாதிரி போனது வண்டி. சுதாகர் பன்னீர்செல்வத்திடம் போய், “ஆவும் நாட்டாரே” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் கங்கையம்மன் பக்கியில் ஏறினாள். மல்லியும் சாமந்தியுமாக வண்டியின் இரும்பே தெரியாத அளவுக்கு அலங்காரம். மஞ்சள் புடவைப் பெண்கள் முன்னால், மேளம் பக்கத்தில், பூசாரி அம்மனோடு பலகையில். மணல் சரிகிற இடத்தில் மூர்த்தி டிராக்டரை ஓடவிட்டபடி, கயிற்றைக் கொக்கியில் மாட்டி, தயாராக நின்றான்.

போன வருஷம் புதைந்த அதே இடம். அதை விட மோசமாக இருந்தது. பின்சக்கரம் ஒன்று தடாலென்று குழியில் இறங்கியது. கூட்டம் “அம்மா!” என்று கத்தியது. ஆனால் இறங்கினது அந்த ஒரு சக்கரம் மட்டும்தான். ஸ்பிரிங் நீண்டு, ஆர்ம் தனியாகக் கீழே போய்த் தரையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மற்ற சக்கரம் அது பாட்டுக்குத் தள்ளியது. மேலே பலகை அசையவில்லை. அம்மன் மூக்குத்தி கூட ஆடவில்லை. குழியிலிருந்து வண்டி ஏறி, எதுவுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

“இன்னா ஸ்பிரிங்குப்பா இது!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டான் மூர்த்தி. டிராக்டரை அணைத்தான். கயிற்றைக் கொக்கியிலிருந்து அவனே கழற்றினான்.

ஈர மணல் ஆரம்பிக்கிற சரிவில் சுதாகர் வண்டியை நிறுத்திக் குதித்தான். பூசாரியும் கடலுக்குப் பால் ஊற்ற இறங்கினார். இங்கிருந்து அம்மனை ஆட்கள் தோளில் தூக்கி அலைக்குள் கொண்டுபோக வேண்டும், அதுதான் முறை. அதற்கு முன்னால் பன்னீர்செல்வம் மைக்கை சுதாகர் கையில் கொடுத்தார். “பேசுடா. ஒரு வருஷமா வாய மூடிகினு இருந்த இல்ல!”

என்ன பேச வேண்டும் என்று சுதாகர் ஒரு வருஷமாக யோசித்து வைத்திருந்தான். மூர்த்தியை எங்கே எப்படிக் குத்த வேண்டும் என்பது உட்பட எல்லாம் தயார். மைக்கைப் பிடித்ததும், கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்ற ரேணுகா கண்ணில் பட்டாள். நகக்கண்ணில் கிரீஸ் போகவே இல்லை, அதன் மேலேயே மஞ்சள் பூசியிருந்தாள். தயார் செய்ததெல்லாம் மறந்துபோனது.

“இந்த வண்டிய நான் தப்பா மாட்டினேன்,” என்றான். மைக் கொய்யென்று கத்தி அடங்கியது. “வடக்கு தெக்கு பாத்து மாட்டினேன். நேத்து நீங்கல்லாம் சிரிச்சீங்களே, அது என் வேலை. இன்னிக்கு அம்மா ஆடாம வந்தாளே, அது என் பொண்டாட்டி ரேணுகா வேலை. அதோ நிக்கறா பாருங்க, எங்க வூட்டு மெக்கானிக்கு!”

மொத்தக் குப்பமும், பாறைக்குப்பமும் சேர்ந்து, திரும்பி ரேணுகாவைப் பார்த்தது. அவள் மட்டும்தான் கடலைப் பார்த்து நின்றவள். அவள் முகம் மாறியது.

“யோவ்! வண்டி!”

எல்லாரும் மறுபடி திரும்பினார்கள். வண்டி போய்க்கொண்டிருந்தது. ஓட்ட ஆள் இல்லை, பிடிக்க ஆள் இல்லை. சரிவில் மெல்ல, அவசரமே இல்லாமல், கங்கையம்மன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது. பெரிய அலை ஒன்று எழும்பி வந்து, வண்டியைக் கொஞ்சம் தூக்கி, அம்மன் பாதத்தை நனைத்துவிட்டு இறங்கியது. நாலு சக்கரமும் மணலில் அமர்ந்தன. அம்மன் சாயவில்லை. அலைக்குள் நேராக நின்றாள்.

மாரியம்மாதான் முதலில் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“பாத்தீங்களாடா! எவன் கயிறும் வேணாம், எவன் தோளும் வேணாம்னு எங்க அம்மா தானே ஓட்டிகினு போய்ட்டாடா!”

குலவைச் சத்தம் கரையைக் கிழித்தது. மேளம் வெறிபிடித்து அடித்தது. ஆண்களும் பெண்களும் துணியோடு அலைக்குள் ஓடினார்கள். மூர்த்தி ரெண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, மணலில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தான். சுதாகரைப் பற்றியோ ரேணுகாவைப் பற்றியோ அப்புறம் அங்கே யாருக்கும் நினைவே இல்லை.

ரேணுகா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சுதாகர் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் அவள் பக்கம் குனிந்தான்.

“ரேணு,” என்று அவள் காதில் மட்டும் சொன்னான். “ஹேண்ட் பிரேக் போடல.”

“தெரியும்,” என்றாள் அவள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். “வாயத் தொறக்காத. கும்பிடு.”

அவன் கும்பிட்டான்.